மூன்று கிழமையில் அம்மா அப்பாவுக்கு மறுபடியும் மாலை மாற்ற

டொராண்டோவில் இருக்கும் அண்ணா ஒரு நாள் இரவு கூப்பிட்டான். "டிக்கெட் போட்டாச்சு. ஆகஸ்டில மூண்டு கிழமை நிப்பன். அதுக்குள்ள அம்மா அப்பாவுக்கு ஒரு கலியாணம் செய்து பாப்பம்" என்றான். எங்கள் அம்மா அப்பா கலியாணம் முடித்தது 1996 தொடக்கத்தில். போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளையார் கோவிலில், மஞ்சள் கயிற்றில் தாலி. ஒரு போட்டோகூட இல்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்களைச் சுற்றி இப்படிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து லீவில் வந்து நிற்கும் கொஞ்ச நாளுக்குள்தான் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டும். நாங்கள் செய்ததையும், இன்னொரு முறை செய்தால் எதை முதலில் செய்வேன் என்பதையும் எழுதுகிறேன். இருபத்தைந்தாவது ஆண்டு, முப்பதாவது, நாற்பதாவது எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

முதல் நாள்: எது விடுபட்டது என்று கேளுங்கள்

மண்டபம் தேட வெளிக்கிடாதீர்கள். முதலில் இரண்டு பேரையும் தனித்தனியாக இருத்தி, "அன்றைக்கு எது இல்லாமல் போனது உங்களுக்கு மனக்குறை?" என்று கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், அம்மா "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்பார். தனியாகக் கேட்டால் பதில் வரும்.

எங்கள் அம்மா உடனே சொன்ன விஷயம் மேளம். "மேளச் சத்தம் இல்லாமல் தாலி ஏறினது" என்றார். அப்புறம் போட்டோ. அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா வரேல்லை" என்றார். என் மாமி அப்போது பாதை மூடிய பக்கம் அகப்பட்டிருந்தார். இப்போது வவுனியாவில் இருக்கிறார்.

ஆக எங்களுக்கு வேண்டியவை மூன்று: மேளம், போட்டோ, மாமி. முதல் செலவே மாமிக்கு வவுனியாவில் இருந்து கொழும்புக்கு ரயில் இருக்கை முன்பதிவு செய்ததுதான். நேரம் குறைவாக இருக்கும்போது எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை வரும். அப்போதெல்லாம் அந்த மூன்றையும் திரும்பிப் பார்த்தோம். மேடை அலங்காரத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றபோது யாரும் கலங்காததற்கு அதுதான் காரணம்.

எந்த முறையில் என்று தீர்மானியுங்கள்

சட்டப்படி இதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை, எந்தப் பத்திரமும் தேவையில்லை. பதிவான விவாகத்தை இரண்டாம் தரம் பதிய முடியாது, பதியவும் வேண்டாம். ஆனால் எங்கள் பெற்றோரின் தலைமுறையில் கோவிலில் தாலி கட்டிவிட்டு, எழுத்து எழுதாமலே, அதாவது பதிவு செய்யாமலே, இருந்துவிட்டவர்களும் உண்டு. அப்படியென்றால் அது வேறு வேலை, விவாகப் பதிவாளரிடம் போய் முறைப்படி செய்ய வேண்டும். விழாவோடு அதைக் கலக்காதீர்கள். சான்றிதழ் தொலைந்துபோயிருந்தால் பிரதி எடுக்க இது நல்ல சாட்டு. விவாகம் பதிந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

சைவ முறையில் என்றால் அப்பாவுக்கு அறுபது நிறைகிற வேளையா என்று பாருங்கள். அறுபது தமிழ் வருடங்களும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வரும் நேரம் அது. அறுபதாம் கலியாணத்துக்கென்று ஹோமம், கலச அபிஷேகம், மறுபடி தாலி கட்டுவது என்று முழுக் கிரியையும் இருக்கிறது. அதை மூன்று கிழமைக்குள் செய்யலாம், ஆனால் ஐயரை முதல் நாளே பிடிக்க வேண்டும். அறுபது இல்லாவிட்டால் தாலியைத் தொட வேண்டாம் என்றுதான் எங்கள் ஐயர் சொன்னார். காலையில் கோவிலில் இருவர் பெயரிலும் அபிஷேகம், மாலையில் பெரியவர்கள் முன்னால் மாலை மாற்றி, அறுகரிசி (அறுகம்புல்லும் அரிசியும்) போட்டு ஆசீர்வாதம். இவ்வளவே போதும் என்றார். எங்களுக்கு அது நிறைவாக இருந்தது.

கத்தோலிக்கராக இருந்தால் திருமணம் என்ற அருட்சாதனம் இருவரும் உயிரோடு இருக்கையில் திரும்ப நடப்பதில்லை. ஆண்டு நிறைவுக்கு ஆசீர்வாதமும் உறுதிமொழியைப் புதுப்பிப்பதும் நடக்கும். பங்குத் தந்தையிடம் நேரே போய்க் கேளுங்கள். வழமையான ஒரு பூசையோடு சேர்த்துச் செய்யச் சம்மதித்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். தவக்காலத்தைத் தவிருங்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் என்று ஆசைப்பட்டால் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அன்று சனம் நிரம்பி வழியும்.

நாள்

கொழும்பில் முகூர்த்த நாள் என்றால் மண்டபம், ஐயர், மேளம், கமெராக்காரர் எல்லோரும் எப்போதோ போயிருப்பார்கள். மூன்று கிழமை மட்டுமே இருப்பவர்கள் அந்த நாட்களுக்குப் போட்டி போடுவதில் பலன் இல்லை. இங்கே லக்கினம் பார்த்துத் தாலி ஏற்றப் போவதில்லை. ராகுகாலம், அட்டமி, நவமி, கரிநாள் தவிர்த்தால் போதும் என்று ஐயர் சொல்லிவிட்டால் கையில் நிறைய நாட்கள் மிஞ்சும்.

ஆகஸ்டில் வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஆடி. ஆடியில் வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆடிவேல் ஊர்வலம் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாட்களில் காலி வீதியில் வாகனம் நகராது. எனவே மூன்று கிழமை என்று அண்ணா சொன்னது உண்மையில் பத்துப் பதினொரு நாள்தான். டிக்கெட் போடும் முன்பே பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்தது போயா, அதாவது பௌர்ணமி நாள். போயா அன்று மதுவும் இறைச்சியும் விற்பதில்லை என்பதால் பலர் அந்த நாளை விட்டுவிடுவார்கள். மரக்கறிச் சாப்பாடு போடும் எங்களுக்கு அதனால் நட்டம் இல்லை. அரச விடுமுறை என்பதால் கந்தோருக்குப் போகிறவர்களும் வருவார்கள், பௌர்ணமி என்று அம்மாவும் மகிழ்வார். வெசாக், பொசன் போயாக்களை மட்டும் விடுங்கள். அந்த இரவுகளில் வெளிச்சக்கூடு பார்க்கவும் இலவசச் சாப்பாடு போடும் தன்சலுக்கும் ஊரே தெருவில் நிற்கும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. கொழும்பில் மாலை 5 மணி என்றால் கோடைகாலத்தில் லண்டனில் பகல் 12.30, டொராண்டோவில் காலை 7.30. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் முந்தும். காலை 9 மணிக்கு வைத்தால் கனடாவில் இருப்பவர்கள் நடுச்சாமத்தில் முழித்திருக்க வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வீடியோவில் பார்க்க வேண்டுமென்றால் மாலைதான் சரி. ஆனால் ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். சூரியன் மறையும் நேரத்தில் மாலை மாற்றி அழகாகப் படம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஞாயிற்றை எடுத்தால் அங்கேதான் இடிபடுவார்கள்.

இடம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் எங்கள் ஆட்கள் வழமையாகப் போகும் மண்டபங்களை ஒரே நாளில் நடந்தே கேட்டு முடிக்கலாம்: இராமகிருஷ்ண மிஷன், தமிழ்ச் சங்கம், சரஸ்வதி மண்டபம். தொலைபேசியில் "அன்றைக்கு இல்லை" என்று சொல்வார்கள். நேரே போனால் காலை இல்லாவிட்டாலும் மாலை இருக்கிறதா என்று பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள்.

வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். இது நாங்கள் பட்டது. ஓரிடத்தில் "உங்களுக்குத்தான், பிறகு வந்து முற்பணம் கட்டுங்கோ" என்றார்கள். நாங்களும் சந்தோஷமாக வந்துவிட்டோம். நான்கு நாள் கழித்துப் போனால் அதே மாலை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அப்பாவின் முகம் அன்று வாடியதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. திகதி, காலையா மாலையா, எத்தனை மணிக்குத் திறப்பு, எத்தனை மணிக்கு வெளியேற வேண்டும், இந்த நான்கும் எழுதிய பற்றுச்சீட்டு கையில் வரும் வரைக்கும் மண்டபம் உங்களுடையது இல்லை.

கடைசியில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியிலேயே செய்தோம். அறுபது பேருக்கு அது தாராளம். அப்படிச் செய்பவர்கள் பார்க்க வேண்டியவை: முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி, லிப்ட் வேலை செய்கிறதா, வயதானவர்களுக்கு மேலே கழிவறை உண்டா, மழைக்குத் தகரப் பந்தல் அல்லது மறைப்பு. ஹோமம் வளர்ப்பதென்றால் கட்டாயம் முன்கூட்டியே கேளுங்கள். மூடிய குளிரூட்டி அறைகளில் புகைக்கு அபாய மணி அடிக்கும், பல இடங்களில் நெருப்புக்கே அனுமதி இல்லை. கீழ் வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கும் பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கும் அம்மா தானே போய்ச் சொன்னார். தவில் அடித்தபோது யாரும் கதவைத் தட்டி முறையிடவில்லை, மேலே ஏறி வந்து உட்கார்ந்து கேட்டார்கள். திறந்த வெளியில் ஒலிபெருக்கி கட்டுவதாக இருந்தால் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுத்துவிடுங்கள்.

கல்கிசைக் கடற்கரை என்று பிள்ளைகள் கேட்பார்கள். படத்துக்கு அழகுதான். ஆனால் காற்றில் விளக்கு நிற்காது, சொல்வது இரண்டாம் வரிசைக்கே கேட்காது. படம் எடுக்க மட்டும் அடுத்த நாள் கூட்டிப் போங்கள்.

உடுப்பும் கொடியும்

மண்டபத்துக்கு முன்பே ஓட வேண்டிய இடம் தையல்காரரிடம். சேலை ஒரு மணித்தியாலத்தில் வாங்கலாம், காலி வீதியில் கடைக்குக் குறைவில்லை. பிளவுஸ்தான் நாள் எடுக்கும். முதல் கிழமைக்குள் அளவு கொடுத்துவிடுங்கள். அம்மா அன்று உடுத்தது இரவல் கூறைச் சேலை, மறுநாளே திருப்பிக் கொடுத்தாராம். அதனால் இந்த முறை சொந்தக் கூறை. அப்பாவுக்குப் பட்டு வேட்டி, சால்வை.

புதுத் தாலிக்கொடி செய்வதை இந்தக் கால அளவில் நான் பரிந்துரைக்க மாட்டேன். பவுண் விற்கிற விலையில் அவசரமாக முடிவெடுக்கும் காரியம் அது இல்லை. இருக்கும் கொடியை மெருகு போட்டாலே புதிதுபோல ஆகிவிடும். செட்டியார் தெருவில் ஒரு பத்தரிடம் கொண்டுபோனோம். "வைச்சிட்டுப் போங்கோ, நாளைக்கு வாங்கோ" என்றார். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். கையோடு கொண்டுவந்த மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பட்டறை வாசலில் ஒரு முக்காலியில் இருந்தார். பத்தர் கொடியைக் கழுவி, ஊதி, தேய்த்து முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அம்மாவின் கை அந்தக் கயிற்றிலேயே இருந்தது. "இதுதான் அண்டைக்கு இருந்தது" என்று மட்டும் சொன்னார். கொடி மெருகு போடப் போகும்போது அவசரப்படுத்தாத ஒரு நாளாகப் பார்த்து, கூட ஒரு பிள்ளை போங்கள்.

யாருக்குச் சொல்வது

பெயர்ப் பட்டியலை அன்றைய கலியாணத்துக்கு வந்தவர்களில் இருந்து தொடங்குங்கள். எங்களுக்கு அப்படி ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள். அன்று குத்துவிளக்குப் பிடித்த ஒரு அம்மம்மா கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்தோம். அவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்புவது மற்றவர்களுக்குச் சரி, பெரியவர்களுக்கு அது அழைப்பே இல்லை. "பரிசுப் பொருட்கள் வேண்டாம், வந்து அறுகரிசி போடுங்கோ" என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள், குறுகிய நேரத்தில் கேட்டவர்களுக்கு அது நிம்மதி.

சாப்பாட்டில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பூசணிக்காய், கீரை, வடை, அப்பளம், மோர்மிளகாய், ரசம், பாயாசம். சமையல்காரருக்கு எண்ணிக்கையை மூன்று நாளுக்கு முன் உறுதியாகச் சொல்லி, பத்துப் பேருக்குக் கூட்டிச் சொல்லுங்கள். மரக்கறி என்பதால் எல்லா வீட்டாரும் தயங்காமல் சாப்பிடுவார்கள்.

சொல்ல வேண்டிய வார்த்தை

இந்த விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதைத்தான் எல்லோரும் கடைசி இரவு வரை தள்ளிப்போடுவார்கள். எங்கள் பெற்றோர் ஆளை ஆள் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாத தலைமுறை. அறுபது பேர் முன்னால் பேசு என்றால் பேச மாட்டார்கள். அதற்கு மூன்று வழி உண்டு.

ஒன்று, கேள்வியும் பதிலும். ஒரு பெரியவர் கேட்க, இவர்கள் "ஓம்" என்று மட்டும் சொல்லலாம். கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு இதுவே போதும். இரண்டு, ஏழடி. சப்தபதியில் ஐயர் சமஸ்கிருதத்தில் சொல்லி நடத்துவதை, ஒவ்வொரு அடிக்கும் ஒரு தமிழ் வரியாக, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாசிக்க, இருவரும் கைபிடித்து நடக்கலாம். மூன்று, தாங்களே எழுதுவது.

எழுதச் சம்மதித்தால் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: அன்றைக்கு என்ன சொல்லிக் கூட்டி வந்தீர்கள்? அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? இனி என்ன செய்வீர்கள்? ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். இரண்டாம் கிழமையிலேயே எழுதிவிட்டால் மனப்பாடம் ஆகிவிடும். தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், மூக்குக்கண்ணாடியை யாரிடம் கொடுத்து வைப்பது என்றும் முடிவு செய்யுங்கள்.

அப்பா மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். வாசித்தது இது: "வீடு கட்டித் தாறன் எண்டு சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். பதினொரு வீடு மாறினம், ஒண்டும் எங்கட இல்லை. ஒரு வீட்டிலயும் நீ விளக்கு வைக்காமல் விட்டதில்லை. இனி வீடு மாறினால் சாமான் எல்லாம் நான் தூக்கிறன்." அம்மா எதுவும் எழுதவில்லை. மைக்கைப் பிடித்து, "பதினொண்டு இல்லை, பன்னிரண்டு" என்றார். பிறகு, "இனியும் இவரோடதான்" என்றார். மாமி விம்மி அழுதது வீடியோவில் கேட்கிறது.

அன்றைய ஒழுங்கு

இருவர் பேசும்போது மேளம் ஓய்ந்திருக்க வேண்டும், மாலை மாற்றும்போது கெட்டிமேளம் வர வேண்டும். இதை நாதசுரக்காரரிடம் முன்னமே சொல்லி, யார் கையைக் காட்டுவது என்றும் ஆள் குறித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது அண்ணாவின் வேலை. மாலைகளைப் பூக்காரரிடம் அன்று மதியத்துக்குப் பிறகு எடுங்கள், காலையில் எடுத்தால் கொழும்பு வெக்கையில் மாலைக்குள் வாடிவிடும். விருந்தினருக்குச் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் தள்ளித் தொடங்கத் திட்டமிடுங்கள், மாலை நேரம் காலி வீதியில் வருபவர்கள் பாவம். வாகனங்களை மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தச் சொல்லி அழைப்பிலேயே போட்டுவிடுங்கள்.

முழு நிகழ்ச்சியும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போக வேண்டாம். நிறைகுடம், விளக்கேற்றல், பிள்ளையார் வணக்கம், வார்த்தை, மாலை, அறுகரிசி, ஆலாத்தி, சாப்பாடு. பேச்சாளர் ஒருவர் போதும். எங்களுக்கு மாமிதான் பேசினார், அதுவும் இரண்டு நிமிடம்.

போட்டோவுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கமெராக்காரர் கையில் கொடுங்கள். மேடையில் வரிசையாக நிற்கும் படங்களை அவரே எடுப்பார். உங்களுக்கு மட்டும் தெரிந்ததை அவருக்குச் சொல்ல வேண்டும்: அன்றைய கலியாணத்துக்கு வந்த ஏழு பேரும் இருவரோடும், அப்பாவும் மாமியும் மட்டும், விளக்குப் பிடித்த அம்மம்மாவின் கை.

முடிந்த மறுநாளே வாடகைக் குத்துவிளக்கு, கதிரை, பந்தல் கணக்குகளை முடித்துவிடுங்கள். படங்கள் முழுவதும் தயாராகும் வரை காத்திருக்காமல் பத்துப் படத்தைத் தெரிவு செய்து உடனே அச்சடிக்கக் கொடுங்கள், லீவில் வந்தவர்கள் போனபிறகு அது மாதக்கணக்கில் இழுபடும். அண்ணா விமானம் ஏறுவதற்கு முதல் நாள் எங்கள் படங்கள் வந்தன. அம்மா ஒன்றை எடுத்து, அப்பாவின் மின்சாரச் சீட்டையும் சேர்த்து மடித்து, அலுமாரியில் அடையாள அட்டைகள் வைக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்தார். இடம்பெயரும்போதெல்லாம் முதலில் தூக்குவது அந்தப் பெட்டியைத்தான்.